கெழுக்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? பல்லுறுப்புக்கோவைகள் குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பல, எண்வழிக் கணிப்பு மென்பொருள்களில் பல்லுறுப்புக்கோவைகளைக் கையாள்வதைப் பற்றியே இருந்ததால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். மாறியை எல்லா இடங்களிலும் ‘ய’ என்ற எழுத்தால் குறிக்கிறேன்.

கேள்வி (பொறியியல் மாணவி): ஆக்டேவில் ய³ − 2ய − 5 என்ற கோவையின் மூலங்களைக் கேட்டேன். 3.4495, −1.4495 என்று இரண்டு விடைகளே வந்தன. முப்படிக் கோவைக்கு மூன்று மூலங்கள் இருக்க வேண்டுமல்லவா? என் தோழி பைத்தானில் செய்தபோது அவளுக்கு 0.4774 என்ற வேறோர் எண் வந்தது. எது சரி?

பதில்: இரண்டுமே சரியில்லை, ஆனால் இரண்டு தவறுகளும் எங்கே நேர்ந்தன என்பதை அந்த எண்களே சொல்லிவிடுகின்றன. மேட்லேப், ஆக்டேவ் ஆகியவற்றில் பல்லுறுப்புக்கோவை என்பது கெழுக்களின் வரிசை மட்டுமே. உயர்ந்த படியின் கெழு முதலில் வரும், மாறிலி கடைசியில் வரும், இடையில் இல்லாத படிக்கு 0 எழுத வேண்டும். உங்கள் கோவையில் ய² உறுப்பு இல்லை. ஆகவே 1, 0, −2, −5 என்று எழுத வேண்டியதை 1, −2, −5 என்று எழுதியிருக்கிறீர்கள். மென்பொருள் அதை ய² − 2ய − 5 என்று படித்து, அதன் மூலங்களான 1 ± √6 என்பதைத் தந்திருக்கிறது. மூன்று எண்கள் கொண்ட வரிசை இருபடிக் கோவையாகப் பொருள் தருவதால், எச்சரிக்கை எதுவும் வருவதற்கில்லை.

உங்கள் தோழியின் விடை வேறு காரணத்தால் பிறழ்ந்தது. பைத்தானின் எண்வழிக் கணிப்புத் தொகுப்பான நம்பையில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. புள்ளிகளுக்குக் கோவையைப் பொருத்தும் பழைய பாலிஃபிட், மூலங்களைத் தரும் ரூட்ஸ் ஆகியவை மேட்லேப் வழக்கப்படி உயர்படியிலிருந்து இறங்குகின்றன. புதிய நிரல்களுக்குப் பரிந்துரைக்கப்படும் ‘பாலினாமியல்’ தொகுப்போ மாறிலியிலிருந்து ஏறுகிறது. சைலேப்பிலும் கெழுக்கள் ஏறுவரிசையில்தான் வரும். அதோடு, அங்கே ‘பாலி’ என்ற செயற்கூறுக்கு நீங்கள் தரும் எண்களை, வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால், கெழுக்களாக அல்லாமல் மூலங்களாகவே அது எடுத்துக்கொள்ளும். உங்கள் தோழி இறங்குவரிசையில் தந்ததைப் புதிய தொகுப்பு ஏறுவரிசையாகப் படித்திருக்கிறது. கெழுக்களைத் தலைகீழாகப் படித்தால் மூலங்கள் ஒவ்வொன்றும் அதன் தலைகீழியாக மாறிவிடும். 1-ஐ 0.4774-ஆல் வகுத்துப் பாருங்கள், 2.0946 வரும். அதுவே உங்கள் கோவையின் உண்மையான மெய்மூலம். மற்ற இரண்டும் −1.0473 என்ற மெய்ப்பகுதியும் ±1.1359 என்ற கற்பனைப்பகுதியும் கொண்ட கலப்பெண் இணை. நியூட்டன் தம் தோராய முறையை விளக்க எடுத்துக்கொண்ட சமன்பாடு இதுவே. புதிதாக ஒரு மென்பொருளுக்குள் நுழைபவர்கள் முதலில் விடை தெரிந்த இத்தகைய கோவை ஒன்றை இட்டு, வரிசை எந்தத் திசையில் செல்கிறது என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

கேள்வி (மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்): ஐந்தாம் படியிலிருந்து பொதுச் சூத்திரம் கிடையாது என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். அப்படியிருக்க, மென்பொருள் ஐம்பதாம் படிக்கும் நொடியில் விடை தருவது எப்படி?

பதில்: 1824-இல் ஏபெல் நிறுவியது, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், படிமூலம் எடுத்தல் ஆகிய செயல்களை முடிவுள்ள தடவை செய்து ஐந்தாம் படிச் சமன்பாட்டின் மூலங்களைப் பொதுவாக எழுத முடியாது என்பதையே. வேண்டிய துல்லியம் வரும்வரை படிப்படியாக நெருங்கிச் செல்வதை அந்தத் தேற்றம் தடுக்கவில்லை. நெருங்கும் வழிகள் பல உண்டு. மேட்லேப், ஆக்டேவ், நம்பை ஆகியவற்றில் ரூட்ஸ் பின்பற்றும் வழி, வகுப்பறையில் சொல்ல ஏற்ற அழகுடையது.

கோவையின் கெழுக்களைக் கொண்டு ஒரு சதுர அணி அமைக்கப்படுகிறது. மேலே கண்ட ய³ − 2ய − 5 என்பதற்கு அந்த அணியின் முதல் நிரை 0, 2, 5. இரண்டாவது 1, 0, 0. மூன்றாவது 0, 1, 0. இதன் சிறப்பியல்புச் சமன்பாட்டை விரித்துப் பார்த்தால் நாம் தொடங்கிய அதே கோவை வரும். ஆகவே அணியின் ஐகன் மதிப்புகளே, அதாவது அந்தச் சமன்பாட்டின் தீர்வுகளே, கோவையின் மூலங்கள். ஐகன் மதிப்புகளைக் காண 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜான் பிரான்சிஸும் சோவியத் ஒன்றியத்தில் வேரா குப்லனோவ்ஸ்கயாவும் தனித்தனியே கண்ட முறை இன்றும் கையாளப்படுகிறது. அணியைச் செங்குத்து அணி ஒன்றாகவும் முக்கோண அணி ஒன்றாகவும் காரணிப்படுத்தி, அவ்விரண்டையும் வரிசை மாற்றிப் பெருக்கி, இதையே திரும்பத் திரும்பச் செய்தால், ஐகன் மதிப்புகள் மூலைவிட்டத்தை ஒட்டி வந்து நிலைகொள்ளும். ஐம்பதாம் படிக்கு இது மிகச் சிறிய வேலை.

இதில் உங்கள் மாணவர்களுக்கு வியப்பளிக்கக்கூடிய ஒன்று உண்டு. வகுப்பில் ஐகன் மதிப்பு கேட்டால், அணிக்கோவையை விரித்துப் பல்லுறுப்புக்கோவை ஆக்கி, அதன் மூலங்களைக் காண்கிறோம். மென்பொருள் நேர் எதிராக, பல்லுறுப்புக்கோவையை அணியாக்கி ஐகன் மதிப்பைக் காண்கிறது. ஓர் அணியின் சிறப்பியல்புக் கோவை வேண்டும் என்று மேட்லேப்பின் ‘பாலி’யைக் கேட்டால்கூட, அது முதலில் ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடித்து, பிறகு காரணிகளைப் பெருக்கியே கெழுக்களைத் தருகிறது. இந்தத் திசைமாற்றத்துக்கான காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கேள்வி (மின்னணுப் பொறியாளர்): (ய − 1)(ய − 2) என்று தொடங்கி (ய − 20) வரை பெருக்கிக் கெழுக்களைப் பெற்று, அவற்றை ரூட்ஸுக்குத் தந்தேன். 1, 2, 3 நன்றாக வந்தன. நடுவிலிருந்து மேலே உள்ள மூலங்கள் இரண்டாம், மூன்றாம் தசம இடத்திலேயே பிறழ்ந்துவிட்டன. மென்பொருளில் பிழையா?

பதில்: நீங்கள் எடுத்துக்கொண்டது இத்துறையின் மிகப் புகழ்பெற்ற கோவை. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் வில்கின்சன், தொடக்ககாலக் கணினி ஒன்றைச் சோதிப்பதற்காக, விடை முன்பே தெரிந்த எளிய கணக்கு என்று நினைத்து இதைத் தேர்ந்தெடுத்தார். கிடைத்த விடைகள் அவரைத் திகைக்க வைத்தன. அந்தத் திகைப்பை ஆராய்ந்து அவர் எழுதியவை பிழைப் பகுப்பாய்வு என்ற துறைக்கே அடித்தளமாயின. 1970-இல் அவருக்குக் கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருது வழங்கப்பட்டது.

அவர் காட்டியது இது. ய¹⁹ என்பதன் கெழு −210. அந்த ஒரு கெழுவில் மட்டும் 2⁻²³ அளவு, அதாவது ஏறத்தாழ 0.00000012 மட்டும் குறைத்துப் பாருங்கள். மற்றவை அனைத்தும் அப்படியே இருக்கட்டும். 20 என்ற மூலம் 20.85 அருகே நகர்ந்துவிடும். இருபது மூலங்களில் பத்து, ஐந்து கலப்பெண் இணைகளாகிவிடும். 16, 17 ஆகிய இரண்டும் 16.73 என்ற மெய்ப்பகுதியும் ±2.81 என்ற கற்பனைப்பகுதியும் கொண்ட இணையாக மாறும். இது கணினியின் குறை அன்று. முடிவிலாத் துல்லியத்தோடு கையால் கணக்கிட்டாலும் இதே விடைதான் வரும்.

காரணத்தை ஒரு வகைக்கெழுவால் அளக்கலாம். ய¹⁹-இன் கெழுவைச் சிறிது மாற்றும்போது ஒரு மூலம் எவ்வளவு நகரும் என்றால், அந்த மூலத்தின் 19-ஆம் படியை, அந்த மூலத்துக்கும் மற்றப் பத்தொன்பது மூலங்களுக்கும் இடையிலுள்ள தூரங்களின் பெருக்கத்தால் வகுத்த மடங்கு நகரும். 1 என்ற மூலத்துக்கு மேலே 1, கீழே 19 தொடர்பெருக்கம் (1 முதல் 19 வரையிலான எண்களின் பெருக்கம்). அதாவது ஏறத்தாழ 8 × 10⁻¹⁸. அது அசையவே அசையாது. 16 என்ற மூலத்துக்கு மேலே 16¹⁹, கீழே 15 தொடர்பெருக்கமும் 4 தொடர்பெருக்கமும் பெருக்கிய எண், மடங்கு 2.4 × 10⁹. அதாவது கெழுவில் நேரும் மாற்றம் மூலத்தில் இருநூறு கோடி மடங்குக்கும் மேல் பெருகித் தெரிகிறது. மூலங்கள் ஒன்றுக்கொன்று ஒரு அலகு தள்ளி நிற்கும்போதே இந்த நிலை.

அப்படியானால் நீங்கள் கெழுவை மாற்றவில்லையே என்று கேட்பீர்கள். நீங்கள் மாற்றவில்லை, எண்ணைச் சேமித்த முறை மாற்றியது. இத்தகைய மென்பொருள்கள் வழக்கமாக எண்களைச் சேமிக்கும் வடிவமான இரட்டைத் துல்லிய எண்ணில் 53 பிட் மட்டுமே இலக்கங்களுக்கு உண்டு. உங்கள் கோவையில் ய⁷-இன் கெழு −311333643161390640. இந்த அளவுள்ள எண்களில் 64-ஆல் வகுபடுபவை மட்டுமே இரட்டைத் துல்லியத்தில் அப்படியே அடங்கும். இந்த எண்ணை 64-ஆல் வகுத்தால் 48 மீதம் வருகிறது. ஆகவே ரூட்ஸ் வேலையைத் தொடங்கும் முன்பே, கெழுக்களின் வரிசை வேறொரு கோவையைக் குறிப்பதாகிவிட்டது. ரூட்ஸ் பொதுவாக நல்ல நிலைப்பாடு உள்ள முறை. தரப்பட்ட கோவைக்கு மிக மிக அருகிலுள்ள ஒரு கோவையின் மூலங்களையே அது தருகிறது. அருகிலுள்ள கோவைகளின் மூலங்கள் தொலைவில் இருந்தால் அதற்கு அந்த முறை பொறுப்பாகாது.

இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்வது, உங்கள் தொழிலில் இது நாள்தோறும் குறுக்கிடுவதால். ஒரு பல்லுறுப்புக்கோவையைக் கெழுக்களாலும் எழுதலாம், மூலங்களாலும் எழுதலாம், சில புள்ளிகளில் அதன் மதிப்புகளாலும் எழுதலாம். கணிதத்தில் இவை மூன்றும் சமம். முடிவுள்ள துல்லியத்தில் சமமல்ல. மூலங்கள் கையில் இருக்கும்போது அவற்றைப் பெருக்கிக் கெழுக்களாக்கிவிட்டு, பிறகு மூலங்களைத் தேடுவது, கையிலிருந்த தகவலை வீணாக்குவதாகும். உயர்படிக் குறிகை வடிகட்டி ஒன்றை வடிவமைக்கும்போது, அதன் பரிமாற்றச் சார்பின் கெழுக்களாகக் கேட்காமல், சுழிகள் (தொகுதியின் மூலங்கள்), முனைகள் (பகுதியின் மூலங்கள்), பெருக்கம் (கெயின்) என்ற வடிவிலேயே கேட்டுப் பெறுங்கள். நடைமுறைப்படுத்தும்போது அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து இருபடிப் பகுதிகளின் தொடராக அமையுங்கள். கணக்கு அணியிலிருந்து வந்ததானால், சிறப்பியல்புக் கோவையைத் தொடாமல் நேரே ஐகன் மதிப்புக்குச் செல்லுங்கள்.

கேள்வி (ஆய்வு மாணவர்): ய³ − 3ய² + 3ய − 1 என்பது (ய − 1)³. மூன்று மூலங்களும் 1. மென்பொருளோ ஒரு மெய்யெண்ணும் இரண்டு கலப்பெண்களும் தருகிறது. இங்கே கெழுக்கள் சிறிய முழு எண்கள்தாமே?

பதில்: கெழுக்கள் பிழையின்றிச் சேமிக்கப்பட்டாலும் இடைக்கணக்குகளில் உருண்டையாக்கும் பிழை வருகிறது. மாறிலியில் 2.2 × 10⁻¹⁶ அளவு மாற்றம் வந்தாலே (ய − 1)³ அந்த எண்ணுக்குச் சமமாகிறது. அதன் கனமூலம் 6 × 10⁻⁶. ஆகவே பதினாறு இலக்கத் துல்லியத்தில் தொடங்கி, ஐந்து இலக்கங்கள்தாம் கையில் மிஞ்சுகின்றன. மூன்று விடைகளும் 1-ஐ மையமாகக் கொண்ட மிகச் சிறிய வட்டத்தில் 120 பாகை இடைவெளியில் நிற்பதை, அதிக இலக்கங்களைக் காட்டச் சொல்லிப் பார்த்தால் நீங்களே காணலாம். ஒவ்வொன்றும் தனியே பிறழ்ந்திருந்தாலும் மூன்றின் சராசரி மிகத் துல்லியமாக இருக்கும், ஏனென்றால் மூலங்களின் கூட்டுத்தொகை ஒரு கெழுவோடு நேரடியாகப் பிணைந்தது. நெருங்கிக் கிடக்கும் மூலக்கூட்டத்தை ஒரே மூலமாகக் கருதிச் சராசரி எடுப்பது நல்ல வழக்கம். கற்பனைப்பகுதி சரியாக 0-ஆக இருந்தால்தான் மெய்மூலம் என்று நிரலில் எழுதிவிடாதீர்கள். அத்தகைய நிரல், உங்கள் கோவைக்கு ஒரேயொரு மெய்மூலம் உண்டு என்று முடிவு கட்டிவிடும்.

கேள்வி (புள்ளியியல் பட்டதாரி): இந்தியாவில் 2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 1901 முதல் 2011 வரையிலான பன்னிரண்டு கணக்கெடுப்புகளுக்கு பாலிஃபிட் கொண்டு வளைவரை பொருத்தி, 2021-ஐ மதிப்பிட முயன்றேன். கோவை எண்வழியாகச் சீரற்றது என்ற எச்சரிக்கை வருகிறது. படியைக் கூட்டக் கூட்ட, வளைவரை புள்ளிகளோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் 2021-க்கான விடை நம்பும்படி இல்லை.

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன, ஒன்றுக்கு எளிய மருந்து உண்டு, மற்றொன்றுக்கு இல்லை.

எச்சரிக்கைக்குக் காரணம், ஆண்டை அப்படியே மாறியாகத் தந்தது. பாலிஃபிட் மீச்சிறு வர்க்க முறைக்காக ஓர் அணி அமைக்கிறது. அதன் நிரல்கள் (செங்குத்து வரிசைகள்) 1, ஆண்டு, ஆண்டின் வர்க்கம், கனம் என்று செல்லும். 1901-உம் 2011-உம் அவற்றின் சராசரியான 1956-இலிருந்து 3 விழுக்காடுகூட விலகவில்லை. ஆகவே ஒவ்வொரு நிரலும் ஏறத்தாழ ஒரு மாறிலியின் மடங்காகவே இருக்கிறது. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியக் கணினிக்கு இலக்கங்கள் போதவில்லை. அதே நேரத்தில் ஐந்தாம் படி நிரலின் எண்கள் 10¹⁶-ஐத் தாண்டிவிடுகின்றன. மருந்து, மாறியை நடுப்படுத்தி அளவை மாற்றுவது. ஆண்டிலிருந்து 1956-ஐக் கழித்து, திட்ட விலக்கமான 36.06-ஆல் வகுத்தால், எல்லா மதிப்புகளும் −1.53-க்கும் 1.53-க்கும் இடையே வந்துவிடும். பாலிஃபிட்டிடம் மூன்றாவது வெளியீட்டையும் கேட்டால் இதைத் தானே செய்யும். அப்போது, கோவையின் மதிப்பைக் கணக்கிடும் பாலிவாலுக்கும் அந்த மூன்றாவது வெளியீட்டைக் கட்டாயம் தர வேண்டும், ஏனென்றால் கிடைத்த கெழுக்கள் ஆண்டுக்கு உரியவை அல்ல, மாற்றிய மாறிக்கு உரியவை. நம்பையின் புதிய தொகுப்பு, பொருத்தும்போது வீச்சைத் தானாகவே −1 முதல் 1 வரை மாற்றிக்கொள்கிறது.

இனி இரண்டாவது நோய். பன்னிரண்டு புள்ளிகள் இருப்பதால் பதினொன்றாம் படிக் கோவை அத்தனை புள்ளிகள் வழியாகவும் செல்லும். அது 2021-க்கு என்ன சொல்லும் என்பதைக் கணினி இல்லாமலே காணலாம், ஏனென்றால் சம இடைவெளிப் புள்ளிகளில் பதினொன்றாம் படிக் கோவையின் பன்னிரண்டாம் வேறுபாடு (அடுத்தடுத்த மதிப்புகளைக் கழிப்பதைப் பன்னிரண்டு முறை செய்தால் கிடைப்பது) 0. மக்கள்தொகையைக் கோடியில் 1901-இலிருந்து எழுதினால் 23.84, 25.21, 25.13, 27.90, 31.87, 36.11, 43.92, 54.82, 68.33, 84.64, 102.87, 121.09. இவற்றை 1, 12, 66, 220, 495, 792, 924, 792, 495, 220, 66, 12 என்ற ஈருறுப்புக் கெழுக்களால் முறையே பெருக்கி, 2011-க்குக் கூட்டல் குறி, 2001-க்குக் கழித்தல் குறி என்று மாறி மாறி இட்டுக் கூட்டுங்கள். விடை ஏறத்தாழ −122 கோடி.

மக்கள்தொகை எதிர்மமாவதைக் காட்டிலும் அந்தக் கெழுக்களைப் பார்ப்பது அதிகம் கற்பிக்கும். 2021-ஐ மதிப்பிட 2011-க்குத் தரப்பட்ட எடை 12; 1961-க்குத் தரப்பட்ட எடை 924. 1918-இன் இன்புளுவென்சா கொள்ளைநோயால் 1911-க்கும் 1921-க்கும் இடையே மக்கள்தொகை சற்றுக் குறைந்தது. அந்த 1921-க்கு எடை 66, அதாவது 2011-ஐப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். நூறாண்டுக்கு முந்தைய ஒரு வளைவு எதிர்காலத்தை ஆட்டிவைக்கிறது. இந்த எடைகளின் கூட்டுத்தொகை 4095. ஒவ்வோர் எண்ணையும் இரண்டு தசம இடத்துக்கு உருண்டையாக்கியதால் வரும் பிழை ஐம்பதாயிரம் பேர் வரைதான் என்றாலும், பாதகமாகச் சேர்ந்தால் அது விடையை 20 கோடி வரை மாற்றிவிடும். நடுப்படுத்துதல் இதைத் தீர்க்காது, ஏனென்றால் இங்கே கணினி தன் கணக்கைச் சரியாகவே செய்கிறது. கேட்கப்பட்ட கோவைதான் மக்கள்தொகையைப் பற்றி எதுவும் அறியாதது. புள்ளிகளோடு நன்றாகப் பொருந்துவது, புள்ளிகளுக்கு வெளியே பொருந்தும் என்பதற்குச் சான்றாகாது. இரண்டாம் அல்லது மூன்றாம் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் ஒரு பத்தாண்டுக்கு மேல் நீட்டாதீர்கள். பிறப்பு, இறப்பு, வயதுக்கூறு ஆகியவற்றைக் கொண்ட மதிப்பீட்டு முறை உங்கள் நோக்கத்துக்கு இதைவிட மிகப் பொருத்தமானது.

புள்ளிகளுக்கு உள்ளேயும் உயர்படிக் கோவை நல்லபடி நடந்துகொள்ளும் என்று எண்ணிவிட முடியாது. 1901-இலேயே ஜெர்மானியக் கணிதவியலாளர் கார்ல் ரூங்கே, 1/(1 + ய²) என்ற மிக இயல்பான சார்பை −5 முதல் 5 வரை சம இடைவெளிப் புள்ளிகளில் எடுத்து, படி கூடக் கூட ஓரங்களில் கோவை கட்டின்றி அலைவதைக் காட்டினார். அதே சார்பை, ஓரங்களில் நெருங்கி நிற்கும் செபிஷேவ் புள்ளிகளில் எடுத்தால் படி கூடக் கூடப் பிழை குறைகிறது. ஆகவே குற்றம் உயர்படியில் இல்லை, புள்ளிகளைத் தேர்ந்த முறையில் இருக்கிறது. அளவெடுக்கும் இடங்களை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்த சோதனைகளில் இதைப் பயன்படுத்துங்கள். கணக்கெடுப்பு ஆண்டுகளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவரின் தந்தை): இருபடிச் சமன்பாட்டுக்காவது பள்ளிச் சூத்திரத்தை அப்படியே நிரலாக்கலாமா?

பதில்: பெரும்பாலும் ஆக்கலாம், ஒரு சூழலைத் தவிர. ய² + 100000000ய + 1 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய மூலம் −0.00000001 என்பதற்கு மிக அருகில் இருக்கிறது. சூத்திரத்தை இரட்டைத் துல்லியத்தில் இட்டால் −0.00000000745 வரும், கால் பங்கு பிழை. ஏறத்தாழச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது, அவற்றின் கடைசி இலக்கங்களில் இருந்த சிறு பிழை மட்டுமே மிஞ்சி விடையாகிவிடுகிறது. கழித்தல் நேராத குறியைத் தேர்ந்து பெரிய மூலத்தை முதலில் காணுங்கள். அது −100000000 அருகே துல்லியமாக வரும். பிறகு இரு மூலங்களின் பெருக்கம் மாறிலியை முதற்கெழுவால் வகுத்ததற்குச் சமம் என்ற, உங்கள் மகன் ஏற்கெனவே படித்திருக்கும் தொடர்பைக் கொண்டு, 1-ஐ அந்தப் பெரிய மூலத்தால் வகுத்தால் சிறிய மூலம் முழுத் துல்லியத்தோடு கிடைக்கும்.